"அம்மா மாத்திரை போட்டுட்டு சாப்பிடல" - இதுல கமா எங்க வரணும்?

ஆலங்குளத்தான்
நேத்து ராத்திரி நடந்தது இன்னும் மனச விட்டு போகல, அதான் இங்க கொட்டுறேன். ஊர்ல அம்மாவும் தம்பி குடும்பமும் இருக்காங்க, நான் ஓசூர்ல வேலை பாக்குறேன். அம்மாவுக்கு 11 வருஷமா சுகர். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மாத்திரை, போட்ட கொஞ்ச நேரத்துல சாப்பிட்டாகணும்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிருக்கார். நேத்து ஒன்பதே முக்காலுக்கு தம்பி வாட்ஸப்ல அனுப்புறான்:

"அம்மா மாத்திரை போட்டுட்டு சாப்பிடல"

நான் ஷிப்ட் முடிஞ்சு பஸ்ல கம்பிய பிடிச்சு நின்னுக்கிட்டே படிக்கிறேன். அம்மா சாப்பிட்டாச்சு, ஆனா முன்னாடியே மாத்திரை போட மறந்துட்டாங்க, அப்படின்னு தான் எனக்கு புரிஞ்சுது. உடனே "அப்ப இப்பவாது போடச் சொல்லு"ன்னு தட்டிவிட்டேன். அவன் சொல்ல வந்தது என்னன்னா, மாத்திரை போட்டாச்சு, ஆனா இன்னும் சாப்பிடல. அதாவது வெறும் வயித்துல இருக்கிற அம்மாவுக்கு ரெண்டாவது மாத்திரை போடச் சொல்லி நான் அனுப்பிருக்கேன்!! நல்லவேளையா அவன் "போடச் சொல்லு"ங்கிறத சோறு போடச் சொல்றேன்னு எடுத்துக்கிட்டு பொண்டாட்டிய கூப்பிட்டு தட்டு வைக்கச் சொல்லிருக்கான். அம்மாவுக்கு அதுக்குள்ள கை நடுக்கம் வந்து நெத்தியெல்லாம் வேர்த்து, சீனித்தண்ணி கொடுத்து அப்புறம் ரெண்டு இட்லி ஊட்டிருக்காங்க. பத்தரைக்கு போன் பண்ணப்ப தான் எல்லாம் தெரிஞ்சுது.

ரெண்டு பேருமே தமிழ் தெரிஞ்சவங்க, ஒரே வீட்ல வளர்ந்தவங்க, நாலு வார்த்தை தான், எழுத்துப்பிழையும் இல்ல. "மாத்திரை போட்டுட்டு, சாப்பிடல"ன்னு நடுவுல ஒரு கமா இருந்திருந்தா நான் சரியா படிச்சிருப்பேன். ராத்திரி பூரா இதே யோசனை. தமிழ்ல இப்படி கமா, புள்ளி, இடைவெளியால அர்த்தம் மாறுற இடம் வேற எங்கெல்லாம் இருக்கு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ராத்திரி டூட்டி
முதல்ல அம்மா இப்ப எப்படி இருக்காங்க? நான் நர்ஸ், 14 வருஷ சர்வீஸ். எல்லா சுகர் மாத்திரையும் ஒண்ணு இல்ல தம்பி. மெட்ஃபார்மின் மட்டும் போடுறவங்களுக்கு சாப்பாடு தள்ளிப்போனாலும் சுகர் ரொம்ப இறங்குறது அபூர்வம், ஆனா க்ளிமிபிரைடு மாதிரி மாத்திரை போட்டுட்டு சாப்பிடாம இருந்தா இறங்கிடும். நீங்க சொல்ற நடுக்கமும் வேர்வையும் அது தான். நினைவோட இருந்தா 15 கிராம் அளவுக்கு சர்க்கரை, அதாவது மூணு டீஸ்பூன், தண்ணில கரைச்சு கொடுத்துட்டு 15 நிமிஷம் கழிச்சு திரும்ப சுகர் பாக்கணும். தம்பி சீனித்தண்ணி கொடுத்தது ரொம்ப சரி. டாக்டர்கிட்டயும் இத ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

எழுத்த பத்தி சொல்லணும்னா நாங்க வார்டுல டூட்டி மாத்தும்போது இதே "போட்டுட்டு சாப்பிடல" "ஊசி போட்டு தூங்கல" மாதிரி வாக்கியம் தினமும் காதுல விழும். நேர்ல சொல்லும்போது குழப்பமே வராது, "ஊசி போட்டு..."ன்னு இழுத்து நிறுத்திட்டு "தூங்கல"ன்னா ஒரு அர்த்தம், ஒரே மூச்சுல சொன்னா இன்னொரு அர்த்தம். நோட்டுல எழுதும்போது அந்த இழுப்பு காணாமப் போயிடும்.

ஆலங்குளத்தான்
இப்ப நல்லா இருக்காங்க அக்கா, காலைல பாத்தப்ப 142. டாக்டர்கிட்ட திங்கக்கிழமை கூட்டிட்டு போறான்.

மெய்ப்பு மேசை
நான் 20 வருஷத்துக்கு மேல ப்ரூஃப் பாக்குறவன், இந்த வாக்கியத்த பாத்ததும் கை துறுதுறுங்குது, கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்குங்க.

கமா கதைன்னாலே எல்லாரும் ஹிந்திலருந்து ஒண்ணு சொல்லுவாங்க, "ரோக்கோ மத், ஜானே தோ" - நிறுத்தாதே, போக விடு. அதையே "ரோக்கோ, மத் ஜானே தோ"ன்னா நிறுத்து, போக விடாதே. ரஷ்யன்லயும் இதே போல ஒரு மரண தண்டனை வாக்கியம் உண்டு, கமாவ இந்தப்பக்கம் வச்சா ஆள் பிழைப்பான், அந்தப்பக்கம் வச்சா தூக்கு. பள்ளிக்கூடத்துல இத நமக்கும் தமிழ்ப்படுத்தி சொல்ல பாப்பாங்க, ஆனா தமிழ்ல அது நிக்காது. ஏன்னா ஹிந்தில "மத்"துங்கிறது தனியா நிக்கிற வார்த்தை, எந்தப் பக்கமும் சாயும். நம்ம "ஆதே"யும் "அல"வும் வினையோட ஒட்டிப்பிறந்தது. "நிறுத்தாதே போகவிடு" - இதுல எங்க கமா வச்சாலும் வைக்காட்டியும் அர்த்தம் ஒண்ணு தான். இத வச்சு தமிழுக்கு கமாவே வேண்டாம்னு பல பேர் முடிவு கட்டிடுறாங்க, அது தான் தப்பு.

தமிழ்ல வழுக்குற இடம் வேற, வினையெச்சம். போட்டு, வந்து, குடிச்சிட்டு, சாப்பிட்டு, இந்த மாதிரி அரைகுறையா நிக்கிற வினை. அதுக்கு அப்புறம் வர்ற முழு வினைல "இல்ல" இருந்தா, அந்த "இல்ல" கடைசி வினைய மட்டும் மறுக்குதா, இல்ல முன்னாடி இருக்கிற எச்சத்தையும் சேத்து மறுக்குதாங்கிறது எழுத்துல தெரியாது. உங்க தம்பி வாக்கியம் அச்சு அசல் அது தான். இன்னொண்ணு பாருங்க:

"அவன் குடிச்சிட்டு வண்டி ஓட்டலன்னு சொன்னான்"

"குடிச்சிட்டு"க்கு அப்புறம் கமா வச்சா, குடிச்சான், குடிச்சப்புறம் "நான் வண்டி ஓட்டல"ன்னான். கமா இல்லாம சேத்து படிச்சா "நான் குடிச்சிட்டு ஓட்டல, தெளிவா தான் ஓட்டுனேன்"னு சொல்றான். ஒருத்தன் குடிகாரன் ஆனா ஓட்டல, இன்னொருத்தன் ஓட்டுனான் ஆனா குடிக்கல. வாக்கியம் ஒண்ணு தான்.

தனித்தமிழ் மறவன்
மன்னிக்கணும், இதுல எனக்கு உடன்பாடு இல்ல. கமா, செமிகோலன் எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டு வந்தது. ரெண்டாயிரம் வருஷமா தமிழன் கமா இல்லாம தான் எழுதினான், தொல்காப்பியத்துலயும் குறள்லயும் கமா இல்லையே, புரியாமலா போச்சு? கேள்வின்னா "ஆ" இருக்கு, அதனால கேள்விக்குறி வேண்டாம். ஒருத்தர் சொன்னதுன்னா "என்று" இருக்கு, மேற்கோள்குறி வேண்டாம். "உம்" இருக்கு, பட்டியலுக்கு கமா வேண்டாம். விகுதியே எல்லாத்தையும் பாத்துக்குது. தம்பி ஒழுங்கா "மாத்திரை போட்டாங்க ஆனா சாப்பிடல"ன்னு எழுதியிருந்தா முடிஞ்சுது.

கரூர் டீச்சர்
மறவன், நீங்க சொல்றதுல பாதி சரிங்க, அதையும் சேத்தே சொல்றேன். "அவன் வந்தானா"ன்னு எழுதினா கேள்விக்குறி இல்லாமலே கேள்வி தான். ஆனா "குறள்ல கமா இல்ல, புரியாமலா போச்சு"ன்னு கேட்டீங்க பாருங்க, அங்க தாங்க எனக்கு பேச இருக்கு.

ஓலைல கமா மட்டுமா இல்ல? பல ஏட்டுல மெய்யெழுத்துக்கு மேல புள்ளியே இருக்காது, எழுத்தாணியால குத்தினா ஓலை கிழியும்னு. மெய்க்கு புள்ளி உண்டு, எகர ஒகரத்துக்கும் அப்படியேன்னு தொல்காப்பியம் சொல்லிருந்தும், ஏட்டுல அத போடாமலே எழுதினாங்க. அப்ப குறில் எது நெடில் எதுன்னு வாசிக்கிறவர் தான் கண்டுபிடிக்கணும். துணைக்காலும் "ர"வும் வேற ஒரே மாதிரி இருக்கும். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டுல ஏ, ஓ ரெண்டுக்கும் தனி வடிவம் கொண்டு வந்த பிறகு தான் அந்த சிக்கல் தீர்ந்துச்சு. வார்த்தைக்கு நடுவுல இடமும் கிடையாது, மூலம் எது உரை எதுன்னும் பிரிச்சு காட்டியிருக்காது. உ.வே.சா. 1887ல சீவக சிந்தாமணிய அச்சுல கொண்டு வர எத்தன ஏடு தேடி எத்தன ஊர் அலைஞ்சார்னு நினைச்சு பாருங்க. அவர் பட்ட பாட்டுல பெரிய பங்கு இதுக்கு தான், எங்க பிரிக்கிறது எங்க நிறுத்துறதுன்னு முடிவு பண்றது.

புரியாமலா போச்சுன்னா, புரிய வைக்க பக்கத்துல ஒரு ஆசிரியர் உக்காந்து வாய்விட்டு சொல்லிக்கொடுத்தார். அவர் குரல் தான் கமா. அவர் இல்லாதப்போ உரையாசிரியர் வந்து "இத அதோட கூட்டுக"ன்னு எழுதி வச்சார். இலக்கணத்துல பொருள்கோள்னு எட்டு வகை சொல்லுதே நன்னூல், அது முழுக்க செய்யுள்ல எந்த வார்த்தைய எதோட சேத்து படிக்கணும்ங்கிற விஷயம் தான். கமா இல்லாத ஊர்ல அந்த வேலைய இலக்கணம் செஞ்சுச்சு.

255ஆம் குறள எடுத்துக்குங்க.

உண்ணாமை உள்ளது உயிர்நிலை ஊனுண்ண
அண்ணாத்தல் செய்யாது அளறு

இதுல "ஊன்", அதாவது இறைச்சி, நடுவுல ஒரு தடவ தான் வருது. முன்னாடி போய் "ஊன் உண்ணாமை"க்கும் அது வேணும், பின்னாடி "ஊன் உண்ண"வுக்கும் அது வேணும். ஊஞ்சல் கயிறு மாதிரி ரெண்டு பக்கமும் ஆடுது, தாப்பிசைப் பொருள்கோள்னு பேரு. வகுப்புல ஒரு பையன் கேட்டான், டீச்சர் "உயிர்நிலை"க்கு அப்புறம் கமா போடவா, "ஊன்"க்கு அப்புறம் போடவான்னு. எங்க போட்டாலும் ஒரு பக்கத்து கயிறு அறுந்துடும்டான்னேன். அந்த இடத்துல கமா இல்லாததே அழகு, நான் ஒத்துக்குறேன். ஆனா அது வள்ளுவர் வேணும்னே கட்டினது. உங்க வாட்ஸப்பும் என் வாட்ஸப்பும் அப்படி கட்டினது இல்லையே.

தனித்தமிழ் மறவன்
தாப்பிசை தெரியாம இருந்தேன், நன்றி டீச்சர். செய்யுள் வேற உரைநடை வேறன்னு சொல்றீங்க, அது வரைக்கும் ஏத்துக்குறேன். ஆனா "என்று" விஷயத்துல நான் சொன்னது சரி தானே?

கோர்ட் வாசல்
"என்று" விஷயத்துக்கு நான் வரேன் சார். மனு எழுதுறது தான் என் பொழப்பு, கோர்ட் வாசல்ல 9 வருஷமா உக்காந்திருக்கேன்.

"என்று"ங்கிறது சொன்ன பேச்சு எங்க முடியுதுன்னு காட்டும். எங்க ஆரம்பிக்குதுன்னு காட்டவே காட்டாது. அது தான் சிக்கல். போன வருஷம் ஒருத்தர் வந்தார், கடைல கல்லாவுல பணம் குறைஞ்சதுக்கு அவர் மேல புகார். கூட வேலை பாக்குறவர் கொடுத்த வாக்குமூலத்த கைல எழுதி வச்சிருந்தாங்க:

"முருகன் நான் பணத்தை எடுத்தேன் என்று சொன்னார்"

(என்கிட்ட வந்தவர் தான் முருகன், பேர் மாத்திருக்கேன்.) இத எழுதிக்கொடுத்தவர் யாரு? கூட வேலை பாக்குறவர். அப்ப "நான்" யாரு? "முருகன், 'நான் பணத்தை எடுத்தேன்' என்று சொன்னார்"னா முருகனே ஒத்துக்கிட்டார். "நான் பணத்தை எடுத்தேன் என்று முருகன் என்மேல பழி சொன்னார்"ங்கிற மாதிரியும் படிக்கலாம், அப்ப "நான்" எழுதிக்கொடுத்தவர். பேச்சுல ரெண்டும் சகஜம், "அவன் நான் தான் எடுத்தேன்னு சொல்றான்யா"ன்னு நம்ம மேல பழி போட்டவன பத்தி சொல்றோமா இல்லையா. கடைக்காரங்க முதல் அர்த்தத்துல படிச்சுட்டாங்க, இவர் வேலை போயிடுச்சு. எழுதிக்கொடுத்தவரே அப்புறம் வந்து நான் அப்படி சொல்லலன்னார். மேற்கோள்குறி ரெண்டு பக்கமும் இருந்திருந்தா, அதோட யார பத்தின்னும் ஒரு வார்த்தை இருந்திருந்தா, இது இவ்ளோ தூரம் வந்திருக்காது.

அதனால நான் மனுவுல "என்று" போட்டு நேரடி பேச்சு எழுதுறதே இல்ல. "தான் பணத்தை எடுத்ததாக முருகன் கூறினார்"னு "தான்" போட்டு "ஆக"ல முடிச்சிடுவேன், அப்ப "தான்" முருகன தவிர வேற யாருக்கும் போகாது. நேரடி பேச்சே வேணும்னா குறி போட்டு திறந்து குறி போட்டு மூடுறது.

சட்டத்துல கமா பெரிய வேலை பாத்த இடமும் உண்டு. மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டத்துல 27ஆம் பிரிவு, அப்ப இருந்த வாசகத்த சொல்றேன், இங்கிலீஷ்ல தான் இருந்துச்சு, அத தமிழ்ல அதே வரிசைல சொன்னா "விற்பனைக்காகத் தயாரிக்கிறவர், விற்கிறவர், இருப்பு வைக்கிறவர் அல்லது காட்சிக்கு வைக்கிறவர்" மாதிரி வரும், அதுல விற்பனைக்காகங்கிறது மறுபடி கடைசிலயும் வரும். ஒருத்தர்கிட்ட மாத்திரைங்க பிடிபட்டுச்சு. வித்தார்னு சாட்சி இல்ல, வச்சிருந்தார் அவ்ளோ தான். சும்மா வச்சிருந்தாலே குத்தமா, விக்க வச்சிருந்தா தான் குத்தமா? சுப்ரீம் கோர்ட் சட்ட வாசகத்த பாத்துச்சு. "இருப்பு வைக்கிற"துக்கான இங்கிலீஷ் வார்த்தைக்கு அப்புறம் கமா இல்ல, அடுத்ததோட சேந்தே ஓடுது, அதனால கடைசில வர்ற "விற்பனைக்காக" ரெண்டுக்கும் பொருந்தும், சும்மா வச்சிருந்தது இந்த பிரிவுல குத்தம் ஆகாதுன்னு சொல்லிடுச்சு. 1979 தீர்ப்பு தொகுப்புல இருக்கு. ஒரு கமா இருந்திருந்தா அந்த ஆளுக்கு வேற தீர்ப்பு வந்திருக்கலாம். பொதுவா கோர்ட் கமாவ மட்டும் நம்பி முடிவெடுக்காது, வாக்கியத்தோட நோக்கம் என்னன்னு தான் பாக்கும், ஆனா நோக்கமும் கமாவும் ஒரே பக்கம் காட்டுனா அத தள்ளவும் தள்ளாது.

வல்லைவெளி
நல்லா போகுது கதை. மறவன் அண்ணை வெள்ளைக்காரன் கொண்டு வந்தது எண்டு சொன்னபடியால் ஒண்டு சொல்லோணும். குறி வெளியில இருந்து வந்தது தான், ஆனா அதைத் தமிழ் வசனத்துக்குப் பொருத்தி எடுத்தது எங்கட நல்லூர் ஆறுமுக நாவலர். 1849ல யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில அச்சுக்கூடம் வைச்சு, பாலபாடம், பெரியபுராண வசனம் எண்டு பிள்ளைகளும் சாதாரண சனமும் வாசிக்கிற மாதிரி வசனத்தில புத்தகம் போட்டவர். பாட்டு எண்டால் சீரும் தளையும் எங்க நிறுத்துறது எண்டு சொல்லித்தரும். வசனத்துக்கு அந்தத் துணை இல்லை. பக்கத்தில வாத்தியார் இல்லாமல் தனிய இருந்து வாசிக்கிறவனுக்கு எங்க மூச்சு விடுறது எண்டு சொல்ல வேணும், அதுக்குத் தான் குறியள். நாவலரை விடச் சைவத்திலும் தமிழிலும் பிடிவாதமான ஆள் உண்டோ? அவரே எடுத்துக் கையாண்ட பிறகு அதை அந்நியம் எண்டு தள்ளுறது எனக்கு விளங்கேல்லை.

அதோட பேரைப் பாருங்கோ, காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. கால், அரை, முக்கால், முழுசு. நிறுத்துற நேரத்தின்ர அளவு பேருக்குள்ளயே கிடக்குது. ஆங்கிலப் பேரில இந்தக் கணக்கு இல்லை. சின்ன வயசில எங்கட அம்மம்மா பத்திரிகையைச் சத்தமாய் வாசிக்கேக்க காற்புள்ளியில விரலால ஒருக்காத் தட்டுவா, முற்றுப்புள்ளியில நாலு தரம் தட்டிப்போட்டுத் தான் அடுத்த வசனம். அவா வாசிச்சால் கிணத்தடியில நிக்கிற ஆளுக்கும் விளங்கும்.

பூந்தொட்டி
அய்யோ இந்த இழை அருமை. எங்க வீட்ல தினமும் நடக்கிறது: "அம்மா அப்பா வந்தாச்சு". என் பொண்ணு அனுப்புவா. கமா இருந்தா அம்மாகிட்ட, அதாவது என்கிட்ட, அப்பா வந்துட்டார்னு சொல்றா. இல்லன்னா ஊர்ல இருக்கிற என் மாமியார்கிட்ட, அம்மா அப்பா ரெண்டு பேரும் வந்தாச்சுன்னு சொல்றா. யாருக்கு அனுப்புறான்னு பாத்து தான் புரியும், குடும்ப குரூப்ல போட்டா அதுவும் புரியாது. "டாக்டர் மாமா வந்திருக்கார்"னு ஒரு தடவ எழுதிட்டு எங்க மாமாவ எல்லாரும் டாக்டராக்கிட்டாங்க.

மெய்ப்பு மேசை
பூந்தொட்டி சொன்னது விளிக்கமா, யாரையாவது கூப்பிட்டா அந்த பேருக்கு அடுத்து கமா கட்டாயம், இத பள்ளிக்கூடத்துல கடிதம் எழுத சொல்லித்தரும்போது "அன்புள்ள அம்மா,"வோட விட்டுடுறாங்க.

எங்க தொழில்ல தினமும் உயிர எடுக்கிறது பெயரெச்சம், அதாவது "வந்த", "தாக்கிய" மாதிரி அடுத்து ஒரு பேர தேடுற வினை. செய்தித் தலைப்பு வரும்: "போலீசாரை தாக்கிய ரவுடியின் தம்பி கைது". தாக்கினது யாரு, ரவுடியா தம்பியா? தம்பி தான் தாக்கினான்னா "தாக்கிய"க்கு அப்புறம் கமா வைக்கணும், "போலீசாரைத் தாக்கிய, ரவுடியின் தம்பி கைது". கமா இல்லன்னா படிக்கிறவன் கண்ணு "தாக்கிய ரவுடி"ன்னு தான் சேத்து எடுக்கும், பக்கத்துல இருக்கிறதோட ஒட்டிக்கிறது பெயரெச்சத்தோட குணம். தப்பு பண்ணாதவன் பேர்ல குத்தத்த எழுதிடுறோம்ல, அதுக்காகவே ராத்திரி 12 மணிக்கும் இத பாக்காம பக்கத்த விடமாட்டேன். இங்க கமா வைக்கலாமா கூடாதான்னு இலக்கணப் பண்டிதர்கள்ட்ட சண்டை போட்டிருக்கேன், பெயரெச்சத்துக்கும் பெயருக்கும் நடுவுல கமா வரக்கூடாதுன்னு சொல்லுவாங்க. பொதுவா சரி தான், ஒட்டி நிக்கிற பேருக்கு முன்னாடி வரக்கூடாது. தாண்டி நிக்கிற பேருக்கு போகணும்னா கமா இல்லாம எப்படி தாண்டும்?

அடுத்து, குறியே இல்லாத குறி ரெண்டு இருக்கு தமிழ்ல: இடைவெளியும் ஒற்றும் (ரெண்டு வார்த்தைக்கு நடுவுல வர்ற க், ச், த், ப்). "சின்ன வீடு"ன்னா சின்னதா ஒரு வீடு. சேத்து "சின்னவீடு"ன்னா குடும்பத்துல சண்டை வரும். "பழைய புத்தகக் கடை", "பழைய புத்தகக்கடை" - முதல்ல புத்தகம் பழசு, ரெண்டாவதுல கடை பழசு. ஒற்றுல "மருந்து கடை"ன்னா மருந்த கடைன்னு கட்டளை, "மருந்துக்கடை" தான் கடை. "தந்த பலகை" யாரோ தந்தது, "தந்தப் பலகை" யானைத் தந்தத்துல செஞ்சது. "வேலை கொடு"ன்னு கேட்டா வேலை கிடைக்கும், "வேலைக் கொடு"ன்னா முருகன்கிட்டருந்து வேல வாங்கி கொடுக்கணும். இது கமா செய்ற அதே வேலைய தான் செய்யுது, எது எதோட சேருதுன்னு காட்டுறது. மறவன் சார் சொன்ன மாதிரி தமிழ் பல வேலைய உள்ளயே வச்சிருக்கு, உண்மை. ஆனா அந்த ஒற்றையும் நாம போன்ல விட்டுட்டோம், கமாவும் வைக்கிறதில்ல, ரெண்டும் இல்லாம அர்த்தம் எத பிடிச்சு நிக்கும்?

தனித்தமிழ் மறவன்
இந்த கடைசி வரி என்னை யோசிக்க வச்சிருச்சு. ஒற்று நான் விடமாட்டேன், ஆனா என் பசங்க எழுதுற செய்திய பாத்தா ஒற்றே கிடையாது. வாய்ஸ் டைப்பிங்ல பேசுறாங்க, அது புள்ளி கமா ஒண்ணும் இல்லாம ஒரே ஓட்டமா கொட்டுது. யோசிச்சு பாத்தா ஓலைச்சுவடிக்கே திரும்பிட்டோம் போல, ஆனா பக்கத்துல ஆசிரியர் இல்ல.

ஒண்ணு மட்டும் டீச்சர்கிட்ட கேக்கணும், 55ஆம் குறள் "பெய்யெனப் பெய்யும் மழை", அதுக்கு கூட ரெண்டு அர்த்தம் சொல்றாங்களே, அதுவும் இந்த கணக்கு தானா?

கரூர் டீச்சர்
ஆமாங்க, அதே கணக்கு தான். தெய்வம் தொழாஅள் கொழுநன் தொழுதெழுவாள், பெய்யெனப் பெய்யும் மழை. பரிமேலழகர் வழில வந்தா, அவ "பெய்"னு சொன்னா மழை பெய்யும். வாக்கியம் அங்க முழுசா ஒரு வினையோட முடியுது, "பெய்யும், மழை". இன்னொரு பக்கம் "பெய் எனப் பெய்யும்"ங்கிறத மழைக்கு அடைமொழியா சேத்து, வேணும்ங்கிறப்போ பெய்ற மழை மாதிரியானவ அவன்னு படிக்கிறாங்க. முதல்ல அவளுக்கு அதிசய சக்தி இருக்கு, ரெண்டாவதுல அவ உதவுற குணத்துக்கு மழை உவமை. "பெய்யும்" வினைமுற்றா பெயரெச்சமாங்கிறது தான் கேள்வி, தமிழ்ல அந்த ரெண்டுக்கும் உருவம் ஒண்ணு. ஓலைல குறி இல்ல, அதனால இன்னைக்கு வரைக்கும் பேசிக்கிட்டிருக்கோம். வள்ளுவர் எத நினைச்சார்னு நான் அடிச்சு சொல்லமாட்டேன், வகுப்புல ரெண்டையும் சொல்லிடுவேன், பசங்க சண்டை போடுறது எனக்கு பிடிக்கும்.

பெயிண்டர் மணி
வணக்கம், ரொம்ப நாளா படிக்கிறவன், எழுதுறது இப்ப தான். நான் போர்டு எழுதுறவன், பிளக்ஸ் வந்தப்புறமும் கைல எழுத சில பேர் கூப்பிடுறாங்க. எங்களுக்கு இடைவெளிங்கிறது போர்டோட அகலம் தான் முடிவு பண்ணும், வார்த்தை கொள்ளலன்னா அடுத்த வரிக்கு தள்ளிடுவோம், கமாவுக்கு இடமே ஒதுக்குறதில்ல. இந்த இழைய படிச்சதுலருந்து பயமா இருக்கு. ஏன்னா இப்ப ஒரு ரத்தப் பரிசோதனை லேப்ல போர்டு எழுத சொல்லி வாசகம் கொடுத்திருக்காங்க, பேப்பர்ல இப்படி இருக்கு:

"காலையில் சாப்பிடாமல் மாத்திரை போட்டு வரக் கூடாது"

மொதல்ல நான் சாதாரணமா தான் எடுத்துக்கிட்டேன். இப்ப நாலு தடவ படிச்சேன், ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி இருக்கு. ஆலங்குளத்தான் அம்மா மாதிரி ஒருத்தங்க இத படிச்சா என்ன செய்வாங்க?

ராத்திரி டூட்டி
மணி அண்ணா, நல்ல வேளை கேட்டீங்க. "சாப்பிடாமல்"க்கு அப்புறம் நிறுத்தி படிச்சா வெறும் வயித்தோட வாங்க, மாத்திரை போட்டுட்டு வராதீங்க. நிறுத்தாம படிச்சா வெறும் வயித்துல மாத்திரை போடாதீங்க, அப்ப சாப்பிட்டுட்டு போட்டு வரலாம்னு ஆயிடும், மொத்த டெஸ்டும் வீண். சாப்பிடாம சுகர் பாக்க வர்றவங்களுக்கு பொதுவா காலை சுகர் மாத்திரைய ரத்தம் கொடுத்துட்டு சாப்பாட்டோட போட சொல்றது தான் வழக்கம். ஆனா நாம ஊகிச்சு எழுதக்கூடாது, லேப்லயே கேட்டுடுங்க. எழுதும்போது ஒரு வாக்கியத்துல ஒரு வேலைய மட்டும் சொல்லுங்க.

ஆலங்குளத்தான்
நானும் தம்பியும் இப்ப அப்படி தான் பேசி வச்சிருக்கோம். எச்சமே வேண்டாம், ஒவ்வொண்ணும் முழு வினை, ஒவ்வொண்ணுக்கும் முற்றுப்புள்ளி. அவன் கமா போட மறந்துடுவான், ஆனா "போட்டாச்சு"ன்னு முடிச்சா கமாவே தேவைப்படாது. மணி அண்ணே, கேட்டு என்னன்னு கண்டிப்பா சொல்லுங்க.

பெயிண்டர் மணி
போய் கேட்டேன். நர்ஸ் அக்கா சொன்ன முதல் அர்த்தம் தானாம். அந்த பொண்ணு பேப்பர வாங்கி படிச்சு பாத்துட்டு, நான் ரெண்டு மாதிரியும் நிறுத்தி வாசிச்சு காட்டினதும் உள்ள போய் பெரியவர கூட்டிட்டு வந்துச்சு. அவரே புதுசா எழுதிக்கொடுத்துட்டார். மூணு வரி:

காலையில் எதுவும் சாப்பிடாமல் வாருங்கள்.
சர்க்கரை மாத்திரை போட வேண்டாம்.
ரத்தம் கொடுத்த பிறகு சாப்பாட்டுடன் போடுங்கள்.

போர்டு மூணடிக்கு ரெண்டடி தான், மூணு வரின்னா எழுத்து கொஞ்சம் சின்னதாகும். வயசானவங்க படிக்கணுமே, அதனால அடில லேப் பேரையும் போன் நம்பரையும் எடுத்துட்டு அந்த இடத்தையும் எடுத்துக்கலாமான்னு கேட்டேன், சரின்னுட்டார். நாளைக்கு காலைல எழுதுறேன். நடு வரி மட்டும் சிவப்புல.